அவன் திருடாத வெள்ளி

கேள்வி இது: “விக்டர் ஹியூகோவின் ‘லே மிசராப்ள்’ நாவலில் ழான் வால்ழான் ஆயரிடம் திருடிய வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகள் எதைக் குறிக்கின்றன? மன்னிப்பின் அடையாளம் என்றுதான் எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறது. அதற்கு மேல் ஏதாவது உண்டா?”

உண்டு. ஆனால் முதலில் கேள்வியில் உள்ள ஒரு சொல்லைத் திருத்த வேண்டியிருக்கிறது. வால்ழான் அந்தத் தண்டுகளைத் திருடவில்லை. அவன் திருடியது சாப்பாட்டு மேசையின் வெள்ளிச் சாமான்களை: ஆறு பேருக்கான கரண்டி, முள்கரண்டி, கூடவே ஒரு பெரிய சூப் அகப்பை. மெழுகுவர்த்தித் தண்டுகள் இரண்டும் மறுநாள் காலை ஆயர் தாமாக எடுத்துக் கொடுத்தவை. சின்ன வித்தியாசம் போலத் தெரியும். என்னைக் கேட்டால் அந்தப் பொருளின் அர்த்தம் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

நம் ஊரில் இந்தக் குழப்பம் வரக் காரணம் உண்டு. நாவலின் இந்தப் பகுதியை வைத்து நார்மன் மெக்கின்னெல் ஆங்கிலத்தில் ஓர் ஓரங்க நாடகம் எழுதினார். இந்தியப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடமாகப் பல தலைமுறைகள் அதைப் படித்திருக்கின்றன. அதில் கைதி திருடுவது மெழுகுவர்த்தித் தண்டுகளைத்தான். அவை ஆயருக்கு அவருடைய தாய் கொடுத்தவை. மேடையில் ஒரே காட்சியில் முடிக்க வேண்டிய நாடகத்துக்கு அது போதும். நானும் பள்ளியில் அந்த நாடகத்தைப் படித்துவிட்டு, நாவலிலும் அப்படித்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சுத்தானந்த பாரதியார் தமிழாக்கிய ‘ஏழை படும் பாடு’ வழியாகவும், 1950இல் அதே பெயரில் வந்த நாகையா படம் வழியாகவும் இந்தக் கதை நம்மிடம் ஊறிப்போனது. ஜாவர் சீதாராமனுக்கு அந்த அடைமொழி வந்ததே அந்தப் படத்தில் ஏற்ற இன்ஸ்பெக்டர் வேடத்தால்தான். இவ்வளவு பழகிய கதை என்பதாலேயே மூலத்தில் உள்ள நுணுக்கங்கள் நம் கண்ணில் படாமல் போகின்றன.

சரி, நாவலுக்கு வருவோம். வெளியான ஆண்டு 1862. ஹியூகோ கதாநாயகனைக் காட்டுவதற்கு முன் பதினான்கு அத்தியாயங்கள் ஆயர் மிரியேலுக்கே ஒதுக்குகிறார். பிரான்சின் தெற்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள தீஞ் என்ற ஊரின் ஆயர். தமக்குக் கிடைத்த அரண்மனையைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி இருந்த சின்னக் கட்டடத்துக்குத் தாம் குடிபோனவர். அரசு தரும் 15,000 ஃபிராங்கில் தமக்கென்று 1,000 மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தானமாகப் பிரித்துவிடுவார். இப்படி எல்லாவற்றையும் விட்டவருக்கு விடமுடியாத ஒன்று இருந்தது: வெள்ளிக் கரண்டியில் சாப்பிடும் பழக்கம். அதை விடுவது எனக்குக் கஷ்டம்தான் என்று அவரே ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொல்லியிருக்கிறார். அந்த ஆறு செட் சாமான்களோடு, பெரிய அத்தை ஒருத்தியின் சொத்தாக வந்த இரண்டு கனத்த வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகள். சாதாரண நாட்களில் அவை ஆயரின் படுக்கையறையில் கணப்படுப்பின் மேல்தட்டில் இருக்கும். விருந்தாளி வந்தால் மட்டும் வேலைக்கார அம்மாள் மக்லுவார் மெழுகுவர்த்திகளை ஏற்றி மேசைக்குக் கொண்டுவருவாள்.

ஆக, அந்த வீட்டில் தண்டுகளின் வேலை ஒன்றே ஒன்று: வந்தவருக்கு மரியாதை செய்வது. கரண்டிகளில் ஆயரின் சொந்த ருசி இருக்கிறது. தண்டுகளில் அது இல்லை, அவை அடுத்தவருக்காக ஏற்றப்படுபவை. ஹியூகோ இரண்டையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து அறிமுகப்படுத்தினாலும் இந்தப் பிரிவை ஆரம்பத்திலேயே போட்டுவிடுகிறார்.

1815 அக்டோபர் தொடக்கத்தில் ஒரு மாலை வால்ழான் அந்த ஊருக்கு நடந்து வருகிறான். அக்காவின் ஏழு பிள்ளைகள் பட்டினி கிடந்தபோது ஒரு ரொட்டிக்கடைக் கண்ணாடியை உடைத்து ஒரு ரொட்டி எடுத்தான். அது நடந்தது 1795இல். தண்டனை 5 ஆண்டு. தப்பிக்க முயன்றதற்கெல்லாம் கூட்டிக் கூட்டி 19 ஆண்டுகளாகிவிட்டன. துலோன் சிறையில் உழைத்ததற்குக் கையில் 109 ஃபிராங்க் 15 சூ (சூ என்பது அன்றைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு). கைதி என்று காட்டிக்கொடுக்கும் மஞ்சள் நிறக் கடவுச்சீட்டு. விடுதியில் துரத்துகிறார்கள், சத்திரத்தில் துரத்துகிறார்கள், சிறைச்சாலைக் கதவையே தட்டிப் பார்த்து அங்கும் இடமில்லை. நாய்க்கூண்டு என்று தெரியாமல் ஒன்றில் நுழைந்து நாயிடமும் கடிபடப் பார்க்கிறான். கடைசியில் ஆயர் வீடு.

இங்கே ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். அவன் தன்னை இன்னாரென்று சொல்லிவிட்டான். மக்லுவார் அம்மாள் நடுங்கிக்கொண்டிருக்கிறாள். ஆயர் அமைதியாக, “இந்த விளக்கு வெளிச்சமே தரவில்லையே” என்கிறார். அவ்வளவுதான் சொல்கிறார். அம்மாளுக்குப் புரிந்துவிடுகிறது. போய் இரண்டு தண்டுகளையும் எடுத்துவந்து ஏற்றி மேசையில் வைக்கிறாள். ஊரே நாயைப் போல விரட்டிய ஒருவன் அந்த வீட்டில் விருந்தாளி என்று முடிவாகிவிட்டது. உபதேசம் ஏதுமில்லை. வால்ழானுக்கும் அது புரிகிறது. நீங்கள் என்னை வெறுக்கவில்லை, உங்கள் வீட்டில் ஏற்றுக்கொள்கிறீர்கள், எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறீர்கள் என்கிறான்.

அதே காட்சியில் ஆயர் அவனை ‘மிஸ்யூ’ என்று அழைக்கிறார். தமிழில் ‘ஐயா’ என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொல் வரும்போதெல்லாம் அவன் முகம் மலர்கிறது. கடலில் கப்பல் உடைந்து தவிப்பவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் எப்படியோ, கைதிக்கு அந்தச் சொல் அப்படி என்கிறார் ஹியூகோ. ‘நீ’, ‘நீங்கள்’ என்ற ஒரு சொல் வித்தியாசத்தில் ஒரு மனிதனைத் தூக்கவும் தாழ்த்தவும் முடியும் என்பது தமிழ் பேசும் நமக்கு விளக்க வேண்டிய விஷயமே கிடையாது. அந்த ‘ஐயா’வும் மேசைமேல் எரியும் இரண்டு சுடரும் செய்வது ஒரே காரியம்.

சாப்பாடு முடிகிறது. ஆயர் ஒரு தண்டைத் தாம் எடுத்துக்கொண்டு மற்றொன்றை விருந்தாளி கையில் கொடுத்து, வாருங்கள், உங்கள் அறையைக் காட்டுகிறேன் என்று அழைத்துப் போகிறார். வால்ழான் படுக்கும் இடத்துக்கு ஆயரின் படுக்கையறை வழியாகத்தான் போக வேண்டும். போகும்போது மக்லுவார் அம்மாள் கட்டில் தலைமாட்டு அலமாரியில் வெள்ளிச் சாமான்களை வைத்துக்கொண்டிருக்கிறாள். அதை அவன் பார்க்கிறான். கையில் வெள்ளித் தண்டு எரிந்துகொண்டிருக்கிறது. கண் போவது அலமாரியில் இருக்கும் கரண்டிகள்மேல். தன் இடத்துக்கு வந்து தண்டைச் சின்ன மேசையில் வைக்கிறான். படுக்கும்போது சுடரை வாயால் ஊதாமல், கைதிகள் வழக்கப்படி மூக்கால் ஊதி அணைக்கிறான். 19 ஆண்டு சிறை அவன் மூக்கில் இருக்கிறது. யாரும் கவனிக்காமல் கடந்துபோகக்கூடிய வரி. எனக்கு அந்த அத்தியாயத்திலேயே மனதைப் பிசைவது அந்த ஒன்றுதான்.

இரவு இரண்டு மணிக்கு விழிக்கிறான். மனதில் கணக்கு ஓடுகிறது: அந்தக் கரண்டிகளும் அகப்பையும் சேர்ந்து குறைந்தது 200 ஃபிராங்க் போகும், 19 ஆண்டில் தான் சம்பாதித்ததைப் போல இரண்டு மடங்கு. எழுந்து, பையிலிருந்து ஓர் இரும்புச் சாமானை எடுத்துக்கொண்டு ஆயரின் அறைக்குள் போகிறான். அது என்ன இரும்பு? மெழுகுவர்த்தித் தண்டேதான். துலோன் சுற்றுவட்டாரக் குன்றுகளில் கல் உடைக்கும் கைதிகளுக்குக் கொடுப்பது. கனத்த இரும்பில் செய்தது. பாறையில் செருகி நிறுத்துவதற்காக அடிமுனை கூராக இருக்கும்.

இந்த விவரத்தை ஹியூகோ சும்மா எழுதியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். ஒரு கடப்பாரையோ கத்தியோ கொடுத்திருக்கலாம். கொடுத்தது மெழுகுவர்த்தித் தண்டு. வெளிச்சம் தாங்க வேண்டிய பொருளை, ஒரு மண்டையைப் பிளக்கக்கூடிய ஆயுதமாகச் சிறை அவன் கையில் மாற்றிக் கொடுத்திருக்கிறது. தூங்கும் ஆயரின் முகத்தில் நிலவொளி விழ, வால்ழான் அந்த இரும்போடு நிற்கிறான். அந்தத் தலையை உடைக்கவோ அந்தக் கையை முத்தமிடவோ, இரண்டுக்கும் தயாராக இருந்தவன் போலத் தெரிந்தது என்கிறது நாவல். பிறகு அலமாரிப் பூட்டை நெம்ப இரும்பை ஓங்குகிறான். சாவி பூட்டிலேயே இருக்கிறது. அந்த வீட்டில் சாவியை எடுப்பதே கிடையாது. இரும்புத் தண்டுக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விடுகிறது. கூடையை எடுத்து, ஜன்னல் தாண்டி, சாமான்களைப் பைக்குள் கொட்டிக்கொண்டு, மதில் ஏறி ஓடுகிறான்.

இப்போது ஒரு கேள்வி. ராத்திரி முழுக்க ஒரு வெள்ளித் தண்டு அவன் கைக்கெட்டும் தூரத்தில், அவன் படுத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுக்க ஆயரின் அறைக்குள் போக வேண்டியதில்லை, யாரையும் கொல்லத் தயாராக வேண்டியதில்லை. பைக்குள் போட்டுக்கொண்டு நடந்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை? நாவல் காரணம் சொல்லவில்லை. என் வாசிப்பு இது: கரண்டிகளை அவனால் எடைபோட முடிந்தது, அவை அலமாரிச் சொத்து. தண்டுகளை அவனுக்காக ஏற்றினார்கள், அவன் கையில் கொடுத்தார்கள். தனக்கு ஒருவர் செய்த மரியாதையை எடைக்குப் போடலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனே அறியாமல் அவனுக்குள் ஏதோ ஒன்று அந்த இரவே நகர்ந்திருக்கிறது.

காலையில் ஆயர் தோட்டத்தில் காலிக்கூடையைக் கண்டெடுக்கிறார். மக்லுவார் அம்மாள் புலம்புகிறாள். அந்த வெள்ளி ஏழைகளுடையது, நான்தான் தப்பாக இத்தனை நாள் வைத்திருந்தேன் என்கிறார் ஆயர். இது பெருந்தன்மைக்காகச் சொன்ன பேச்சாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கே உறுத்திக்கொண்டிருந்த ஒட்டுதல் அது. இனி எதில் சாப்பிடுவது என்று கேட்டால், மரக்கரண்டி இருக்கிறதே என்கிறார். அந்தத் திருட்டு திருடனுக்கு முன்பே ஆயரைத் திருத்திவிட்டது.

மூன்று காவலர்கள் வால்ழானைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். ஆயர் எதிரே வந்து, வந்துவிட்டீர்களா, நல்லது, உங்களுக்குத் தண்டுகளையும் சேர்த்துத்தானே கொடுத்தேன், அவையும் வெள்ளிதான், 200 ஃபிராங்க் போகுமே, கரண்டிகளோடு ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்கிறார். கணப்படுப்பின் மேல்தட்டிலிருந்து இரண்டையும் எடுத்துவந்து கையில் கொடுக்கிறார்.

அந்த 200 என்ற எண்ணைப் பாருங்கள். ராத்திரி வால்ழான் தன் மனதில் போட்ட அதே விலையைக் காலையில் ஆயர் வாயால் சொல்கிறார். திருடிய வெள்ளி இவ்வளவு என்றால் கொடுக்கும் வெள்ளியும் அவ்வளவே, இரண்டு பங்காக எடுத்துக்கொள் என்பது போல. அதற்கப்புறம் வரும் பேச்சும் கடைத்தெருப் பேச்சுதான்: இந்தப் பணத்தைக் கொண்டு நேர்மையானவனாக ஆவேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தீர்கள், மறக்காதீர்கள், உங்கள் ஆன்மாவை நான் விலைக்கு வாங்கிக் கடவுளிடம் கொடுக்கிறேன். வாக்குக் கொடுத்ததாக வால்ழானுக்கு நினைவே இல்லை. கொடுக்கவும் இல்லை.

‘மன்னிப்பின் அடையாளம்’ என்பதோடு நான் ஏன் நிறுத்தவில்லை என்றால் இதனால்தான். மன்னிப்பு என்றால் பழைய கணக்கை அழித்துவிட்டுப் போகச் சொல்வது. ஆயர் செய்தது வேறு. பழைய கணக்கின்மேல் ஒரு புதுக் கடனை ஏற்றிவிட்டார், வட்டி கேட்காத, காலக்கெடு இல்லாத, திருப்பிக் கொடுக்கவே முடியாத கடன். கரண்டிகளை மட்டும் ‘நான்தான் கொடுத்தேன்’ என்று சொல்லிக் காப்பாற்றியிருந்தால் அது மன்னிப்பு. தண்டுகள் அதற்கும் மேலே, கேட்காமல் கொடுத்தவை. நாடகத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதால் இந்த மேல்பங்கு மறைந்துபோகிறது.

அடுத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆயர் சொன்னபடி பார்த்தால் எல்லாவற்றையும் விற்றுக் காசாக்க வேண்டும். அவர் ‘இந்தப் பணம்’ என்றுதான் சொன்னார். வால்ழான் கரண்டிகளை விற்கிறான். தண்டுகளை மட்டும் நினைவாக வைத்துக்கொள்கிறான். பிரான்சைக் குறுக்கே கடந்து வடக்கே மோந்த்ரேய்-சுர்-மேர் என்ற ஊருக்கு வந்துசேரும்போது அவனிடம் சில நூறு ஃபிராங்க்தான் இருந்தது. அதை முதலாக வைத்து, கறுப்புக் கண்ணாடி மணித் தொழிலில் பிசினுக்குப் பதில் அரக்கைப் பயன்படுத்தும் ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து, ஊரையே பணக்கார ஊராக்குகிறான். அந்தச் சில நூறு எங்கிருந்து வந்தது? சிறையில் ஈட்டிய 109, கரண்டி விற்ற ஏறக்குறைய 200. நாவல் இப்படிக் கூட்டிக் காட்டவில்லை, நாமே கூட்டிப் பார்த்தால் கணக்குப் பொருந்துகிறது. திருடிய வெள்ளி ஒரு தொழிற்சாலையாகவும் ஆஸ்பத்திரிப் படுக்கைகளாகவும் பள்ளிக்கூடங்களாகவும் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டது. கொடுத்த வெள்ளி அவனோடு தங்கிவிட்டது.

பழைய பெயரை மறைத்து வாழ்ந்த அவரை அந்த ஊர் ‘தந்தை மத்லேன்’ என்று அழைத்தது, 1820இல் மேயராக்கியது. நானும் இனி அவர் என்றே எழுதுகிறேன்.

மேயரின் அறையில் அப்படி என்ன இருக்கிறது என்று ஊர்ப் பெண்கள் ஒருமுறை போய்ப் பார்க்கிறார்கள். சாதாரண மர மேசை நாற்காலிகள்தான். கணப்படுப்பின் மேல்தட்டில் பழைய மாடலில் இரண்டு தண்டுகள் இருந்தன, முத்திரை குத்தியிருந்ததால் வெள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். நாம் ஹால்மார்க் பார்ப்பதுபோல. ஆயர் வீட்டில் அவை இருந்த அதே இடம், கணப்படுப்பின் மேல்தட்டு, இங்கும். அவர் தங்கும் வீடெல்லாம் ஆயரின் அறையாகிவிடுகிறது என்று ஹியூகோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்டுகளை அந்த இடத்தில் வைத்ததோடு விட்டுவிடுகிறார். 1821இல் ஆயர் இறந்த செய்தி வந்ததும் மேயர் துக்க உடை அணிந்துகொள்கிறார். உண்மைக் காரணம் ஊருக்குத் தெரியாது.

இந்தப் பொருளுக்கு வரும் பெரிய சோதனை ‘மண்டைக்குள் ஒரு புயல்’ என்ற அத்தியாயம். ஷான்மாத்யூ என்ற ஓர் அப்பாவியை வால்ழான் என்று நினைத்து அராஸ் நகரில் விசாரணை நடக்கிறது. மேயர் வாய் திறக்காமல் இருந்தால் போதும், அந்தக் கிழவன் ஆயுள் முழுக்கச் சிறைக்குப் போவான், இவர் என்றென்றைக்கும் பத்திரம். வாயை மூடிக்கொள்வதென்று முடிவெடுத்து, ஒளித்துவைத்திருந்த பழைய கைதி உடை, பை, தடி எல்லாவற்றையும் தீயில் போடுகிறார். பை எரியும்போது சாம்பலில் ஒரு நாணயம் பளபளக்கிறது. ஆயரிடமிருந்து புறப்பட்ட அன்றே, பெத்தி ழெர்வே என்ற பத்து வயதுப் பையனிடம் பறித்த 40 சூ நாணயம். அதை அவர் பொருட்படுத்தவில்லை. நடந்துகொண்டே இருக்கிறார். திடீரென்று தீயின் ஒளியில் தண்டுகள் மங்கலாக மின்னுவது கண்ணில் படுகிறது. முழு வால்ழானும் இன்னும் இதில் இருக்கிறான், இதையும் அழித்துவிட வேண்டும் என்று இரண்டையும் கையில் எடுக்கிறார். தீ தாராளமாக இருந்தது, உருக்கி அடையாளம் தெரியாத கட்டியாக்கிவிடலாம். ஒன்றால் தணலைக் கிளறுகிறார். அப்போது உள்ளே ஒரு குரல், “ழான் வால்ழான்! ழான் வால்ழான்!” என்று கூப்பிடுகிறது.

மயிர்க்கூச்செறிய நின்றவர், தண்டுகளைத் திரும்பவும் மேல்தட்டில் வைக்கிறார்.

இங்கே தண்டின் அர்த்தம் எவ்வளவு கூர்மையாகிவிட்டது பாருங்கள். பழைய வால்ழானை அழிக்க வேண்டுமென்றால் கைதி உடையை எரித்தால் போதாதா? போதாது என்று அவருக்கே தெரிகிறது. உடையும் பையும் தடியும் கைதி எண்ணின் சாமான்கள். தண்டுகள் அந்தப் பெயருக்கு உரியவை. அவரை முதன்முதலில் மனிதன் என்று மதித்தவர், ழான் வால்ழான் என்ற பெயரை மதித்துத்தான் அவற்றைக் கொடுத்தார். நல்ல மேயராக வாழ வேண்டுமானால் அந்த நல்லதின் வேரையே உருக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சிக்கலை மனப்போராட்டம், மனசாட்சி என்று பக்கம் பக்கமாக எழுதிய ஹியூகோ, கடைசியில் அதை ஒரு சாமானைத் தீக்குப் பக்கத்தில் பிடித்திருக்கும் கையாகக் காட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது.

அராஸ் நீதிமன்றத்தில் அவர் எழுந்து உண்மையைச் சொல்லும்போது, ஆயரிடம் திருடினேன், அது உண்மை என்கிறார். சட்டப்படி அந்தத் திருட்டு நடக்கவே இல்லை. காவலர்கள் முன்னால் ஆயரே ‘நான் கொடுத்தது’ என்று சொல்லிவிட்டார். அந்தப் பாதுகாப்பை வால்ழான் தமக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை.

கைதாகி, அன்றிரவே சிறைக் கம்பியை உடைத்துக்கொண்டு தம் அறைக்கு ஒரு நிமிடம் திரும்புகிறார். எதற்காக? பழைய சட்டை ஒன்றைக் கிழித்துத் தண்டுகளைச் சுற்றி எடுத்துக்கொள்வதற்காக. தடியின் இரும்புப் பூண்களையும் அந்த 40 சூவையும், இவை இன்னவை என்று எழுதிய ஒரு காகிதத்தின்மேல் வைத்துவிட்டுப் போகிறார். சாட்சிப் பொருள் நீதிமன்றத்துக்கு, தண்டுகள் தமக்கு. அப்புறம் வங்கியிலிருந்து எடுத்த பணத்தை மோன்ஃபெர்மேய் காட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்துப் புதைக்கிறார். அதே பெட்டியில் ‘தம் மற்றொரு புதையலையும்’ வைத்தார் என்கிறது நாவல். 1823இலிருந்து 1833 வரை பத்து ஆண்டுகள் தண்டுகள் மண்ணுக்கடியில். கொசெத் என்ற அநாதைச் சிறுமியை மகளாக வளர்த்தது, கன்னிமடத்தில் தோட்டக்காரராக ஒளிந்திருந்தது, அவளைக் காதலித்த மரியுஸைப் பாரிசின் சாக்கடைக்குள் தூக்கிச் சுமந்தது எல்லாம் அவை கண்முன் இல்லாத காலத்தில்தான். கொசெத்தின் கல்யாணத்துக்காகப் பெட்டியைத் தோண்டி எடுத்தபோது 584,500 ஃபிராங்க் இருந்தது. தமக்கு 500 மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அவளுக்குக் கொடுக்கிறார். தண்டுகள் மறுபடியும் கணப்படுப்பின் மேல்தட்டுக்கு வருகின்றன. வேலைக்காரி தூசேன் அவற்றின் மினுமினுப்பைப் பார்த்து வியக்கிறாள்.

கடைசிக் காட்சி 1833 கோடையில். தனியாக, சாப்பாடும் இறங்காமல், எழுந்து நிற்கவே தெம்பில்லாத வால்ழான் இழுப்பறையிலிருந்து இரண்டு மெழுகுவர்த்திகளை எடுத்துத் தண்டுகளில் வைத்து ஏற்றுகிறார். நல்ல பகல் வெளிச்சம் அப்போது. பிணம் இருக்கும் அறைகளில் சில சமயம் இப்படிப் பகலிலேயே ஏற்றியிருப்பதைப் பார்க்கலாம் என்று ஹியூகோ ஒரு வரி சேர்க்கிறார். முதல் இரவில் அவருக்காக வேறொருவர் ஏற்றினார். அவர் அதை மூக்கால் ஊதி அணைத்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் தம் கையாலேயே ஏற்றுகிறார். யாருக்காக? அன்றைக்கு வரப்போகும் விருந்தாளிக்காக என்று எனக்குத் தோன்றும். பாதிரியாரை அழைக்கட்டுமா என்று கேட்டபோது, எனக்கு ஒருவர் இருக்கிறார் என்று தலைக்குமேல் ஓர் இடத்தைக் காட்டுகிறார். அந்த மரணப்படுக்கையருகே ஆயர் உண்மையிலேயே இருந்திருக்கக்கூடும் என்று நாவலே சொல்கிறது. விருந்தாளி வந்தால் தண்டுகளை ஏற்றுவது அந்த வீட்டு வழக்கம்.

கொசெத்தும் மரியுஸும் ஓடிவந்து சேர்கிறார்கள். தண்டுகளைக் கொசெத்துக்கு விட்டுப்போகிறேன் என்கிறார். அவை வெள்ளிதான், ஆனால் எனக்குத் தங்கம், வைரம். அவற்றில் வைக்கும் சாதாரணத் திரியைக்கூட அவை கோவில் மெழுகுவர்த்தியாக மாற்றிவிடும். எனக்குக் கொடுத்தவர் மேலேயிருந்து பார்த்து என்னிடம் திருப்தியாக இருக்கிறாரா தெரியவில்லை, என்னால் முடிந்ததைச் செய்தேன். ஏறக்குறைய இதுதான் அவர் பேசுவது.

இதில் பிரெஞ்சு மூலத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: ‘ஷாந்தேல்’, ‘சியேர்ழ்’. முதலாவது கொழுப்பில் செய்யும் மலிவான திரி, ஏழை வீட்டு வெளிச்சம், புகையும் நாற்றமும் உள்ளது. இரண்டாவது தேன்மெழுகில் செய்வது, கோவில் பீடத்தில் எரிவது. முதல் இரவில் வால்ழான் ஆயரிடம் ‘எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறீர்கள்’ என்று சொன்னபோது பயன்படுத்தியது ‘சியேர்ழ்’ என்ற சொல். சிறையில்தான் எழுதப் படிக்கக் கற்ற கைதி, சாப்பாட்டு மேசையில் எரிந்ததைக் கோவில் விளக்காகப் பார்த்திருக்கிறான். சாகும்போது அதே சொல்லுக்குத் திரும்புகிறார். மொழிபெயர்ப்பில் இரண்டும் ‘மெழுகுவர்த்தி’ என்று ஒன்றாகிவிடுவதால் நாம் இந்த முடிச்சைத் தவறவிடுகிறோம்.

கடைசியாக ஒன்று. இந்த நாவலில் ஏழைகள் கையில் இருக்கும் எல்லாமே விலைக்குப் போகும். கொசெத்தின் தாய் ஃபான்தீன் தன் கூந்தலை 10 ஃபிராங்குக்கு விற்கிறாள், முன்பற்கள் இரண்டை 40 ஃபிராங்குக்கு விற்கிறாள், பிறகு தன்னையே. கொசெத்தை வைத்திருந்த தெனார்தியே தம்பதி அவளை விலைபேசித்தான் அனுப்புகிறார்கள். நாவல் முழுக்க இவ்வளவுக்கு இது, இவ்வளவுக்கு அது என்று விலைப்பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் நடுவே 200 ஃபிராங்க் என்று விலை சொல்லியே கொடுக்கப்பட்ட ஒரு பொருள், எவ்வளவு நெருக்கடியிலும் விற்கப்படாமல் கைமாறிப் போகிறது. ஆயருக்கு அவருடைய அத்தையிடமிருந்து வந்தது, வால்ழானுக்கு ஆயரிடமிருந்து, கொசெத்துக்கு வால்ழானிடமிருந்து. சொந்த ரத்தம் இல்லாத மூன்று பேரை அது ஒரு குடும்பமாக்கிவிட்டது. உங்கள் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: அது ஒரு பரம்பரைச் சொத்து, பெற்றவர் யாருமில்லாதவர்களின் பரம்பரைச் சொத்து.

முழு நாவலையும் இப்போது படிக்க நேரமில்லை என்றால், முதல் பாகத்தின் இரண்டாம் புத்தகத்தையும், அதே பாகத்தின் ஏழாம் புத்தகத்தில் வரும் ‘மண்டைக்குள் ஒரு புயல்’ அத்தியாயத்தையும், ஐந்தாம் பாகத்தின் கடைசிப் புத்தகத்தையும் மட்டும் இந்த வரிசையில் படித்துப் பாருங்கள். கல்லுடைக்கும் அந்த இரும்புத் தண்டு வரும் இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.